கூடைப்பந்தில் தயக்கம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கங்களில் வெயில் தணிந்த பிறகு கூடைப்பந்து ஆட வரும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரும் பயிற்றுநரும் அதிகம் சொல்லும் குறை ஒன்றுதான்: "திறமை இருக்கிறது, தைரியம்தான் இல்லை." இதில் இரண்டாம் பாதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. கோர்ட்டில் தைரியக்குறைவாகத் தெரிவதைச் சற்று நிதானமாகக் கவனித்தால், ஏதோ ஒரு திறன் ஏதோ ஒரு சூழ்நிலையில் மட்டும் கைகொடுக்காமல் போவது பெரும்பாலும் கண்ணில் படும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் தயக்கம் குறைகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று "பயப்படாதே, ஆடு" என்று குரல் கொடுத்தால், தான் பயப்படுவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்ற இன்னொரு பயம்தான் சேரும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வெளியிட்ட கட்டுரையில், 'என்னால் முடியும்' என்ற எண்ணம் நான்கு வழிகளில் உருவாகிறது என்றார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலின் அப்போதைய நிலை. இவற்றுள் முதலாவதற்கே வலிமை அதிகம் என்பது அவர் முடிவு. நம் ஊரில் மூன்றாவது வழி தாராளமாகக் கிடைக்கிறது. முதலாவது வழிக்குத்தான் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் சோதிக்கும் முறை ஒன்றே. சந்தேகப்படும் திறனை நான்கு நிலைகளில் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்: முதலில் தனியாக, அடுத்துத் தடுப்பவர் ஒருவரை முன்னே நிறுத்தி, அதற்கடுத்து ஓடி மூச்சு வாங்கும் நிலையில், கடைசியாக நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. எந்த நிலையில் முதன்முதலாகச் சறுக்குகிறதோ அந்த நிலையில்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். தனியாகவே வராத ஒன்றைப் போட்டியில் செய்யச் சொல்வதும் வீண். தனியாக நன்றாக வருவதை மீண்டும் மீண்டும் தனியாகவே செய்துகொண்டிருப்பதும் வீண்.

ஆட்டக்காரரைக் குறை சொல்வதற்கு முன்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரிக்கிறோம். ஆனால் நம் பக்கத்துத் திறந்தவெளிக் கோர்ட்டுகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதுண்டு. ஆகவே ஒரு மாலைப்பொழுதை அதற்கென்று செலவிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பழைய சிமெண்டுத் தளத்தின் மேல் புதிதாக ஒரு பூச்சுப் போட்டிருந்தால் அந்த உயரம் குறைந்திருக்கும். வளையத்தைப் பிடித்துத் தொங்கித் தொங்கி அதன் முன்விளிம்பு தாழ்ந்திருந்தால், உண்மையில் குட்டையாக விழ வேண்டிய பந்துகளும் உள்ளே விழுந்துகொண்டிருக்கும். அந்தப் பிள்ளை வேறு ஊரில் சரியான வளையத்தைச் சந்திக்கும்போது எல்லாப் பந்தும் முன்விளிம்பில் மோதித் திரும்பும், வீட்டுக்கு வந்ததும் "அங்கே போனால் பயந்துவிடுகிறான்" என்று பேச்சு எழும். அளவு நாடா ஒன்றும் ஏணி ஒன்றும் இருந்தால் கால் மணி நேரத்தில் தீரும் சந்தேகம் இது.

அடுத்தது பந்து. ஆண்கள் பயன்படுத்தும் ஏழாம் எண் பந்து ஏறத்தாழ 600 கிராம் எடை உடையது. பெண்களுக்கு ஆறாம் எண்ணும், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐந்தாம் எண்ணும் பொருத்தமானவை. பத்து வயதுப் பிள்ளையிடம் ஏழாம் எண்ணைக் கொடுத்தால், அது வளையத்தை எட்டுவதற்காக இடுப்பிலிருந்து இரண்டு கைகளாலும் தூக்கி எறியக் கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குப் பிறகு வருடக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். காற்றின் அளவு பந்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. சிமெண்டில் உரசி உரசிப் புள்ளிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட பந்தில் செம்மண் தூசியும் படிந்தால், எவ்வளவு நல்ல கையிலும் வழுக்கத்தான் செய்யும். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு ஆடலாம், புதிதாக வாங்க முடிந்தால் வாங்கிவிடுவது அதைவிட மேல்.

கோர்ட் கிழக்கு மேற்காக அமைந்திருந்தால், மாலையில் மேற்கு வளையத்தை நோக்கி எறிபவரின் கண்ணில் சூரியன் விழும். ஆடி மாதக் காற்றில் தொலைவிலிருந்து எறியும் பந்து விலகிப் போகும். இத்தகைய நாட்களில் எறிதலைக் கணக்கெடுத்து ஒருவரைச் சோர்வடையச் செய்யக் கூடாது. அன்றைக்கு டிரிபிளும் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது) பாஸும் பழகலாம்.

அறிகுறி: பந்து கைக்கு வந்தவுடன் யாரிடமாவது தள்ளிவிடுகிறார்

மிகவும் பரவலான அறிகுறி இதுதான். பார்ப்பவர்கள் இதைச் சுயநலமில்லாத ஆட்டம் என்றுகூடப் பாராட்டிவிடுவார்கள், அதனால் நோய் வெளியே தெரிவதில்லை. அடையாளம் எளிது: பாஸ் வாங்குபவர் நல்ல இடத்தில் இருக்கிறாரா என்று பார்க்காமலே பந்து கையை விட்டுப் போகும், பந்து வருவதற்கு முன்பே முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

காரணம் பெரும்பாலும் காலில் இருக்கிறது. பந்தைப் பிடித்தபின் ஒரு காலை ஊன்றி மறுகாலால் திரும்பும் பிவட் இவருக்கு நம்பகமாக வருவதில்லை. நின்றால் பறிபோகும், நகர்ந்தால் டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நடப்பது) என்று விசில் வரும் என்ற இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறார், ஆகவே பந்தை விட்டொழிக்கிறார். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் முதன்முதலில் வகுத்த 13 விதிகளின்படி, பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், அதோடு ஓட முடியாது. டிரிபிள் பின்னால் வந்து சேர்ந்தது. நின்ற இடத்தில் பந்தைக் காப்பதே இந்த ஆட்டத்தின் பழைய அடிப்படை என்பதால், பழுதுபார்ப்பதையும் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதல் கட்டத்தில், பந்தைத் தானே முன்னால் உருட்டிவிட்டு, இரண்டு கால்களும் ஒருசேரத் தரையில் படும்படி குதித்துப் பிடிக்க வேண்டும். முழங்கால் மடிந்து, பந்து இடுப்பருகே இழுக்கப்பட்டு, முழங்கைகள் வெளியே விரிந்திருக்க வேண்டும். அங்கிருந்து முன்பக்கமாக ஒரு பிவட், பின்பக்கமாக ஒரு பிவட். ஊன்றிய பாதத்தின் முன்பகுதி சுழல வேண்டுமே தவிர இடம்பெயரக் கூடாது. செம்மண் தரையில் செய்தால் பாதம் இழுத்த தடம் அப்படியே தெரியும், ஆகையால் இந்தப் பயிற்சிக்குச் சிமெண்டுத் தளத்தைவிட வெறும் மண்தரை வசதியானது. இரண்டாம் கட்டத்தில் ஒருவர் நெருங்கி நின்று பந்தைத் தட்டிவிட முயல வேண்டும், பந்தை வைத்திருப்பவர் டிரிபிள் செய்யாமல் ஐந்து விநாடி காக்க வேண்டும். ஐந்து விநாடி என்பது விதியிலிருந்து எடுத்த அளவு: நெருங்கிக் காவல் காக்கப்படும் ஆட்டக்காரர் அதற்குள் பாஸ் செய்யவோ எறியவோ டிரிபிள் தொடங்கவோ வேண்டும். சுற்றி நிற்பவர்கள் வாய்விட்டு எண்ணட்டும். "ஒன்று" என்பதற்குள் பந்தை விட்டெறிந்து வந்த பிள்ளைக்கு, ஐந்து வரை எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இதற்கு அடுத்த படியாகப் பயிற்சி ஆட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வைக்கலாம்: பந்து வாங்கியவர் முதலில் வளையத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாஸ் செய்ய வேண்டும். எறிய வேண்டும் என்று கட்டாயமில்லை. வளையத்தைப் பார்த்த மாத்திரத்தில் காவலர் அரையடி பின்வாங்குவதை அவரே உணர்வார், அந்த அரையடியில் அவருக்குப் பாதி நிம்மதி வந்துவிடும்.

அறிகுறி: தரையைப் பார்த்துக்கொண்டே டிரிபிள் செய்கிறார்

குண்டும் குழியுமான தரையில் பழகியவர் தரையைப் பார்ப்பது புத்திசாலித்தனம்தான். அந்தப் பழக்கத்தைத் திட்டிப் பயனில்லை. சமமான இடத்தில் பழகுவதற்கு வாய்ப்புத் தந்து கண்ணை மெல்ல உயர்த்த வேண்டும். எதிரே நிற்பவர் விரல்களைக் காட்ட, டிரிபிள் செய்பவர் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டே தட்டுவது பழைய முறை, இன்றும் பலன் தருவது. பலவீனமான கைக்கு வலுவான கையைப்போல் இரண்டு பங்கு நேரம் கொடுக்க வேண்டும். பந்து காலில் பட்டு ஓடிப்போகும் வேகத்தில் பழகினால்தான் கை வளரும். ஒருமுறைகூடத் தவறாத வேகம் என்றால் அது மிகவும் மெதுவான வேகம்.

பெரிய வீடுகளில் வளர்கிற பிள்ளைகள் மழைக்காலத்தில் வளவுக்குள்ளேயே (வீட்டின் உள்முற்றத்தில்) பந்து தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை நன்றாகச் சமமாக இருக்கும், பந்தும் சீராக எழும்பும். ஆனால் காலுறையோடு நின்றால் வழுக்கிவிடும், ஆகவே வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும், திசை மாற்றி ஓடும் பயிற்சிகளை அங்கே செய்யவே கூடாது. ஓசையும் பெரிது. "செத்த நேரம் கண்ணசர விடுய்யா, கொல்லப்பக்கம் போயித் தட்டு" என்று அப்பத்தா சொல்வதற்குள், ஒரே இடத்தில் நின்று தாழ்வாகத் தட்டும் பயிற்சியையாவது முடித்துக்கொள்ளலாம். முழங்காலுக்குக் கீழே தட்டினால் ஓசையும் குறையும், கைக்கும் அதுவே நல்ல வேலை.

அறிகுறி: தனியாக எறிந்தால் விழுகிறது, ஆட்டத்தில் விழுவதில்லை

இந்த ஒரு அறிகுறியைப் பற்றி மட்டும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தன்னம்பிக்கையை இதைப்போல் அரித்துத் தின்பது வேறொன்றும் இல்லை. "என்னிடம் ஏதோ கோளாறு, ஆட்டம் என்றாலே கை வரமாட்டேன் என்கிறது" என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. உண்மையில் கோளாறு பயிற்சி நடக்கும் விதத்தில் இருக்கிறது.

வழக்கமான உரையாடல் இப்படிப் போகும். "எத்தனை போட்டே தம்பி?" "அம்பதுக்கு முப்பது அண்ணே." "முதல் பந்து விழுந்துச்சா?" பதில் வராது. ஒரே இடத்தில் நின்று ஐம்பது முறை எறியும்போது, முதல் நாலைந்து பந்துகள் அளவு பார்க்கவே செலவாகின்றன. முன்னால் விழுந்தால் அடுத்ததைக் கொஞ்சம் தூக்குகிறார், வலப்பக்கம் போனால் மணிக்கட்டைத் திருத்துகிறார். பிறகு விழுந்துகொண்டே இருக்கிறது. ஆட்டத்திலோ அந்தத் திருத்தத்துக்கு இடமில்லை. ஒரு இடத்திலிருந்து ஒரு பந்து, அடுத்தது எங்கிருந்து எப்போது வரும் என்று தெரியாது. ஆகவே ஆட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு முதல் பந்துகளின் கணக்கு மட்டுமே.

ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் கை அசைவுகளைக் கொண்டு செய்த சோதனை இதற்கு ஆதாரமாகப் பலராலும் காட்டப்படுகிறது. ஒரே அசைவைத் தொடர்ந்து பழகியவர்கள் பழகும் நேரத்தில் நன்றாகச் செய்தார்கள். பல அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினார்கள். பிற்பாடு சோதித்தபோது கலந்து பழகியவர்களே மேலாகச் செய்தார்கள். பழகும்போது கிடைக்கும் திருப்தியும் பின்னால் மிஞ்சும் திறமையும் ஒன்றல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. இதைப் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பயிற்சியை மாற்றிய முதல் வாரத்தில் எண்ணிக்கை குறைவதைக் கண்டு இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் இழப்பார்கள்.

மாற்றும் முறை இதுதான். வளையத்தைச் சுற்றி ஐந்து இடங்களைச் சுண்ணாம்பால் குறிக்கவும். ஒரு இடத்தில் ஒரே ஒரு எறிதல்; விழுந்தாலும் விழாவிட்டாலும் அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காமல், ஓடிவந்து பாஸ் வாங்கி எறிய வேண்டும், ஏனென்றால் பாஸ் வாங்கும்போது கால் தயாராக இல்லாததுதான் பல நேரங்களில் உண்மையான பழுது. நாலைந்து நாட்களில் அது பழகியதும், கையை உயர்த்திக்கொண்டு ஒருவர் ஓடிவந்து நெருங்கட்டும். அவர் பந்தைத் தடுக்க வேண்டியதில்லை, நெருங்கினால் போதும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருப்பதால், மாலையில் உயரமான இளைஞர்கள் துணைக்குக் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. கிடைக்காவிட்டால் தென்னை மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தம்பி ஒருவன் ஓடிவந்தாலும் நடக்கும்.

எறிதல் தட்டையாகிவிடுகிறதா என்பதையும் இதே நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். ஏழாம் எண் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24. பந்து 45 பாகைக் கோணத்தில் இறங்கினால் அதற்குக் கிடைக்கும் வாயில் 32 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். 30 பாகையில் இறங்கினால் வாயில் 22.5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும், அதாவது பந்தைவிடச் சிறியதாகிவிடும், விளிம்பில் படாமல் உள்ளே போக வழியே இல்லை. களைத்தவர்களும் அவசரப்படுபவர்களும் முழங்காலை மடிக்க மறந்து கையால் மட்டும் எறிவதால் பந்து தட்டையாகப் போகிறது. ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் விழாமல் போகும் பந்துகளுக்கு மனத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் முழங்காலைப் பார்க்க வேண்டும்.

கணக்கேடு ஒன்று வைக்கவும். தேதி, இடம், முதல் பந்துகளில் விழுந்தவை, காற்று அல்லது வெயில் பற்றி ஒரு சொல், இவ்வளவு போதும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் பிள்ளை அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கட்டும், நாம் அருகில் உட்கார்ந்து உரையாற்ற வேண்டிய அவசியம் இருக்காது.

அறிகுறி: ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றால் கை நடுங்குகிறது

ஃப்ரீ த்ரோ என்பது எதிரணியின் தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் எறிதல்: பலகையின் முகப்பிலிருந்து 4.6 மீட்டர், எதிரே தடுப்பவர் யாருமில்லை, நடுவர் பந்தைக் கொடுத்ததிலிருந்து ஐந்து விநாடி அவகாசம். எளிதான எறிதல் என்று எல்லோரும் சொல்வதால்தான் இங்கே தவறவிடுவது அவமானமாகத் தெரிகிறது. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வில் நான்கு முறை சாம்பியன் அணியில் ஆடிய ஷாகில் ஓ'நீல் தம் ஆட்ட வாழ்க்கை முழுவதும் சேர்த்து ஃப்ரீ த்ரோவில் ஏறத்தாழ 53 விழுக்காடுதான் போட்டார். அவரைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை. ஆகவே கோட்டில் நிற்கும் பிள்ளையிடம் தைரியத்தைப் பற்றிப் பேசாமல், பந்து எங்கே பட்டது என்று கேட்க வேண்டும்.

திரும்பத் திரும்ப முன்விளிம்பில் பட்டால் கால் வேலை செய்யவில்லை. பின்விளிம்பில் பட்டால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், தொலைவு மட்டும் கூடியிருக்கிறது. இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகினால் கையைப் பார்க்க வேண்டும்: எறியும் கையின் முழங்கை வெளியே விரிகிறதா, அல்லது தாங்கும் கையின் கட்டைவிரல் கடைசி நொடியில் பந்தைத் தள்ளுகிறதா? கட்டைவிரல்தான் காரணமா என்று அறிய, ஒரு கையால் மட்டும் அருகிலிருந்து எறியச் சொன்னால் தெரிந்துவிடும். ஒருமுறை முன்னாலும் மறுமுறை பின்னாலும் இன்னொருமுறை பக்கவாட்டிலுமாகச் சிதறினால், ஒவ்வொரு முறையும் எறியும் விதமே மாறுகிறது. அவருக்கு ஒரு நிலையான ஒழுங்கு தேவை.

ஒழுங்கு சுருக்கமாக இருக்கட்டும். வலக்கால் கோட்டை ஒட்டி, இரண்டு தட்டு, ஒரு மூச்சு வெளியே, பார்வை வளையத்தின் மேல், எறிதல். ஐந்து விநாடிக்குள் அடங்க வேண்டும் என்பதால் நீளமான சடங்குகள் உதவாது. பார்வையைப் பற்றி ஒரு வார்த்தை: கனடாவைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1996-இல் ஃப்ரீ த்ரோ எறிபவர்களின் கண்ணசைவை ஆராய்ந்தபோது, தேர்ந்தவர்கள் எறிவதற்கு முன் வளையத்தின் மேல் பார்வையைக் கூடுதல் நேரம் நிலைநிறுத்தியதைக் கண்டார். பதற்றத்தில் கண் அலைகிறது, கண் அலைந்தால் கை அலைகிறது. கண்ணை ஓரிடத்தில் நிறுத்துவது பழக்கத்தால் வரக்கூடியது என்பதே இதில் நமக்குப் பயனுள்ள செய்தி.

ஃப்ரீ த்ரோவை வரிசையாக ஐம்பது எறிந்து பழகுவது முன்பு சொன்ன அதே தவறு. பயிற்சியின் நடுவே, ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது, இரண்டே இரண்டு எறியச் சொல்ல வேண்டும். பிறகு மறுபடியும் ஓட்டம். வாரத்தில் ஒருநாள் எல்லோரையும் நிறுத்திவிட்டு ஒருவரை மட்டும் எறியச் சொல்லலாம், இரண்டும் விழுந்தால் அணிக்கு அன்றைய கடைசி ஓட்டம் தள்ளுபடி. விழாவிட்டால் எறிந்தவரை மட்டும் தண்டிக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அது கோட்டைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்படி பழக்குவதைத் தவிர வேறெதற்கும் உதவுவதில்லை என்பது என் கருத்து.

அறிகுறி: லேஅப்புக்குப் போய்விட்டுக் கடைசி அடியில் விலகுகிறார்

ஓடிவந்து எழும்பி வளையத்தருகே பந்தைப் போடுவதே லேஅப். மோதலுக்கு அஞ்சி விலகுகிறாரா, கால் எண்ணிக்கை தவறி விலகுகிறாரா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். காவலர் யாருமின்றி இடப்பக்கத்திலிருந்து இடக்கையால் போடச் சொன்னால் விடை கிடைக்கும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எப்போதும் இடப்பக்கம் போய் வளையத்துக்குக் கீழே நின்று பந்தைத் திருப்பித் தந்துவிடுவாள். முரட்டு ஆட்டக்காரிகளுக்கு அஞ்சுகிறாள் என்றே நினைத்திருந்தார்கள். தனியாகச் செய்யச் சொன்னபோது இடப்பக்கத்திலும் அவள் வலக்காலால் எழும்பாமல் இடக்காலால் எழும்ப முயன்றதும், அதனால் உடல் திருகிப் பந்து கைக்குள் சிக்கிக்கொண்டதும் தெரிந்தது. பந்தே இல்லாமல் இடம், வலம், எழும்பு என்று நடந்து பழகியதில் அது சீரானது. முரடர்கள் அப்படியேதான் இருந்தார்கள், அவள் மட்டும் விலகாமல் போனாள்.

ஜார்ஜ் மைக்கன் என்ற உயரமான அமெரிக்க ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் பயிற்சி இதற்கு ஏற்றது: வளையத்துக்கு நேர்கீழே நின்று, வலப்பக்கம் வலக்கையால், இடப்பக்கம் இடக்கையால், பந்தைத் தரையில் விடாமல் மாறி மாறிப் பலகையில் போட வேண்டும். பலகையில் வரைந்துள்ள சிறு செவ்வகம் 59 சென்டிமீட்டர் அகலமும் 45 உயரமும் உடையது. அதன் மேல்மூலையைக் குறிவைத்தால் போதும், வளையத்தைப் பார்க்கவே வேண்டாம். உண்மையிலேயே மோதலுக்கு அஞ்சுபவர் என்றால், பழைய துணி திணித்த பள்ளிக்கூடப் பையைத் தோளிலும் விலாவிலும் ஒருவர் மெல்ல அழுத்த, போடுபவர் அதோடு சேர்ந்தே எழும்பிப் போட்டுப் பழக வேண்டும். அழுத்தம் வாராவாரம் கூடட்டும். எழும்புவதோடு இரண்டு காலில் இறங்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். விழுந்தால் அடிபடும் என்று தெரிந்த சிமெண்டுத் தரையில் அந்த அச்சம் நியாயமானதே.

அறிகுறி: ஒரு தவறு செய்தபின் ஆட்டத்திலிருந்து காணாமல் போகிறார்

உடல் கோர்ட்டில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். "மறந்துவிடு" என்றால் மறக்காது. கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். பந்தை இழந்த அந்த நொடியே திரும்பி நம் வளையத்துக்குக் கீழே ஓடி, தான் காக்க வேண்டியவரின் எண்ணை உரக்கச் சொல்வது என்று ஒரே வேலையை நிலையாக வைத்து, பயிற்சி ஆட்டத்தில் வேண்டுமென்றே தவறான பாஸ்களை ஏற்பாடு செய்து பழக்கலாம். ஓர் அணி 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டிய ஆட்டத்தில் அடுத்த வாய்ப்பு வெகுதூரத்தில் இல்லை.

அறிகுறி: உயரமானவர்கள் எதிரே வந்தால் ஒடுங்கிவிடுகிறார்

மக்ஸி போக்ஸ் 1.60 மீட்டர் உயரத்தோடு என்.பி.ஏ.வில் பதினான்கு பருவங்கள் ஆடினார் என்பதை எல்லோரும் சொல்லி ஊக்குவிப்பார்கள். அதைவிட, குட்டையானவர் நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய வேலை ஒன்றைக் கொடுப்பது நல்லது: ரீபவுண்டின்போது (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும்போது) பந்தைப் பார்ப்பதற்கு முன் எதிராளியைத் தேடி, முதுகை அவர் தொடையோடு ஒட்டி, தாழ்ந்து உட்கார்ந்து வெளியே தள்ளி நிறுத்துவது. இடுப்பு தாழ்ந்தவருக்கே இதில் சாதகம். பந்தை அவர் பிடிக்க வேண்டியதில்லை, உயரமானவர் பிடிக்காமல் இருந்தால் கணக்கில் வரவு வைக்கலாம். தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதும் உதவும் என்று முன்பே சொன்னோம். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தமிழ்நாட்டுக்காரர் என்பதை நம் பெண் பிள்ளைகளில் பலர் அறிந்திருப்பதில்லை. ஆனாலும் பக்கத்து ஊர் அக்கா ஒருத்தி கண்ணெதிரே ஆடிக் காட்டுவதற்கு ஈடு கிடையாது.

அறிகுறி: உள்ளூரில் ஆடுவார், வெளியூரில் ஆடுவதில்லை

உள்ளரங்க மரத்தளத்தில் பந்து எழும்புவதும் காலணி பிடிப்பதும் வேறு. பலகைக்குப் பின்னால் சுவர் இருப்பதற்கும் வெட்டவெளி இருப்பதற்கும் தொலைவு கண்ணுக்கு வேறுபடும். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய், முதலில் தரையில் டிரிபிள், பிறகு வளையத்துக்கு அருகில் சில எறிதல்கள், அதன்பின் ஒவ்வொரு அடியாகப் பின்னே நகர்வது என்று இடத்தோடு பழகிக்கொண்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பார்வையாளர் கூச்சல்தான் சிக்கல் என்றால், உள்ளூர்ப் பயிற்சியிலேயே கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்துக் கூட்ட இரைச்சலை ஓடவிடலாம். உறவினர் கூட்டமாக வந்து ஆலோசனை கூவும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அவர்களிடம் கைதட்டலை மட்டும் கேட்டுக்கொள்வது பயிற்றுநரின் வேலை.

பயிற்சி கொடுத்தும் மாறாதபோது

மூன்று நான்கு வாரம் கணக்கேட்டோடு பழகியும் எண்ணிக்கை அசையவில்லை என்றால், தேர்ந்தெடுத்த நிலை தவறாக இருக்கலாம்; ஒரு படி கீழே இறங்கிச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் திடீரென்று தயங்கினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்: கணுக்காலில் பழைய சுளுக்கு, முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி வலிக்கும் வளர்பருவத் தொல்லை, கண்ணாடி தேவைப்படும் கண். சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை ஐந்து மணிக்கு முன் பயிற்சி வைப்பதைத் தவிர்க்கவும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோவது ஆகியவை தென்பட்டால் உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பைத் தண்ணீரால் குளிர்வித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய இரவுகளில் தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், பள்ளிக்குப் போவதற்கும் தயங்கும் அளவுக்குப் பதற்றம் பரவியிருந்தால் அது கோர்ட்டில் தீரக்கூடியதன்று. பயிற்சியைச் சில நாள் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும், திரும்பி வரும்போது தனியாகச் செய்யும் முதல் நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.